பழைய ராணுவ உடை வாங்கப் போகிறீர்களா? முதலில் படத்தைப் பெரிதாக்குங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கி இணைய இணைப்பும் வந்து விட்டால், பழைய பொருள் சேகரிக்கும் ஆசை உள்ளவர்களுக்குக் கை சும்மா இருக்காது. எனக்கு வந்தது பிரிட்டிஷ் ராணுவ உடை மீதான ஆசை. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் வேலை பார்த்தபோது தொற்றிக் கொண்டது. அதில் 180 பவுண்டு கொடுத்து நான் கற்ற பாடத்தை உங்களுக்கு இலவசமாகவே சொல்கிறேன்.

ஏலத் தளம் ஒன்றில் "1940, டன்கிர்க் காலத்து பேட்டில்டிரஸ்" என்ற விளம்பரத்தைப் பார்த்தேன். பேட்டில்டிரஸ் என்பது இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் அணிந்த, இடுப்போடு நிற்கும் முரட்டுக் கம்பளி உடை. விளம்பரத்தில் நான்கு படங்கள் இருந்தன. லேபிளில் "1940" என்று தெரிந்ததும் உடனே வாங்கி விட்டேன். பார்சலைப் பிரித்த பிறகுதான் லேபிளை முழுதாகப் படித்தேன். மேலே "1940 பேட்டர்ன்". கீழே சிறிய எழுத்தில் தயாரித்த ஆண்டு: 1944!

விற்றவர் பொய்ப் படம் போடவில்லை. நான்தான் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். டன்கிர்க்கில் இருந்தவர்கள் அணிந்தது 1937 பேட்டர்ன். அதில் பட்டன்கள் துணிக்குள் மறைந்திருக்கும், மார்புப் பைகளில் மடிப்பு இருக்கும். போர்க் காலச் சிக்கனத்திற்காக 1942ல் பட்டன் வெளியே தெரியும்படி, பையில் மடிப்பு இல்லாமல் தைக்கத் தொடங்கினார்கள். அதற்குத்தான் "1940 பேட்டர்ன்" என்று பெயர்! பெயரில் உள்ள ஆண்டு வேறு, தைத்த ஆண்டு வேறு. 1949 பேட்டர்னில் கோட்டு போலத் திறந்த காலர் இருக்கும். ஆனால் போர்க் காலத்திலேயே அதிகாரிகள் டெய்லரிடம் கொடுத்துக் காலரைத் திறந்து தைத்துக் கொண்டதுண்டு. எனவே காலரை மட்டும் நம்பாதீர்கள்.

சரி, இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து சேவ் செய்யுங்கள். பிறகு அதைத் திறந்து, கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி மவுஸ் சக்கரத்தை உருட்டினால் படம் பெரிதாகும். லேபிள் இருட்டாக இருந்தால் எடிட் பகுதிக்குப் போய் பிரைட்னஸைக் கூட்டுங்கள். அளவு, தயாரித்தவர் பெயர், ஆண்டு, அகன்ற அம்புக்குறி முத்திரை ஆகியவற்றைத் தேடுங்கள். அம்பு சி என்ற ஆங்கில எழுத்துக்குள் இருந்தால் அது கனடா ராணுவத்துடையது. போருக்குப் பின் டென்மார்க், கிரீஸ் ராணுவங்களும் இதே போன்ற உடையை அணிந்தன. படம் எவ்வளவு பெரிதாக்கியும் மங்கலாகவே இருந்தால் விற்பவரிடம் வேறு படம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டு விடுங்கள்.

அதிகாரிகளின் சர்வீஸ் டிரஸ் கோட்டில் பித்தளை பட்டன்களைப் பாருங்கள். பட்டனில் கிரீடம் இருந்தால், அதன் வளைவுகள் மேல்நோக்கிக் குவிந்திருப்பது பொதுவாக 1901 முதல் 1952 வரையிலான மன்னர்கள் காலத்தது. நடுவில் பள்ளமாக இறங்கினால் எலிசபெத் ராணி காலத்தது. பட்டனை மாற்றித் தைப்பது சுலபம் என்பதால் நூலையும் பாருங்கள்.

இந்தக் கோட்டின் உள்பையில் டெய்லர் லேபிள் இருக்கும். அதில் அதிகாரியின் பெயர் எழுதியிருந்தால் விலை நன்றாக ஏறும். அந்தப் பெயரை லண்டன் கெஜட் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். அதிகாரிகளின் நியமனமும் பதவி உயர்வும் அதில் வெளியாகும். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். ரெஜிமெண்டும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

விலைக்கு ஒரே வழி: கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். இபே தளத்தில் இடப்பக்கம் உள்ள வடிகட்டியில் "விற்றவை" என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஏல நிறுவனங்களில் ஏலத் தொகைக்கு மேல் வாங்குபவர் கமிஷனும் உண்டு. அதையும் கூட்டிக் கொள்ளுங்கள். பேட்டர்ன், ஆண்டு, அளவு, பூச்சி அரித்த ஓட்டைகள், விற்ற விலை என்று எக்ஸெல்லில் குறித்து வாருங்கள்.

என் எக்ஸெல் பைலில் முதல் வரிசை அந்த 1944 சட்டைதான். நான் கொடுத்தது 180. பிறகு தேடிப் பார்த்ததில் அதே போன்ற மூன்று விற்றது 95, 110, 120.