பம்பருக்குக் கணக்கு, ஆட்டோக்காரருக்கு நியாயம்

திருவண்ணாமலை

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுகிறேன். நீ போனில் கேட்டபோது "யோசித்துச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன். எண்கள் நிறைய வரும் விஷயம், வாயால் சொன்னால் உனக்குப் பாதிகூட நிற்காது. பாலிசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படி.

நடந்தது இதுதானே. பௌர்ணமி அன்று மத்தியானம் செங்கம் சாலையில், தற்காலிக பார்க்கிங்குக்குப் போகும் வரிசையில் ஊர்ந்து வந்திருக்கிறாய். கிரிவலக் கூட்டம் குறுக்கே வர, முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது, நீ போய் முட்டிவிட்டாய். உன் காரின் முன் பம்பரில் விரிசல், இடது ஃபெண்டரில் நசுங்கல். ஆட்டோவின் பின்பக்கத் தகடு உள்வாங்கி, டெயில் லைட் உடைந்திருக்கிறது. யாருக்கும் அடி இல்லை. கூட்டம் சேர்ந்து பஞ்சாயத்து பேசியதில் பயந்துபோய் 500 ரூபாயும் போன் நம்பரும் கொடுத்துவிட்டு வந்துவிட்டாய். இப்போது அவர் 6,000 கேட்கிறார். உன் நண்பர்கள், "இன்சூரன்ஸ் எதற்குக் கட்டுகிறோம், கிளெய்ம் போடு, அவனுக்கு ஒரு பைசா கொடுக்காதே" என்கிறார்கள்.

முதலில் உன் காரைப் பார்ப்போம். மோட்டார் கிளெய்ம் மேஜையில் உட்கார்ந்திருந்த காலத்தில் நான் அதிகம் பார்த்தது, கணக்குப் போடாமலே படிவத்தை நீட்டுகிறவர்களைத்தான். உன் பாலிசியில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று தேர்ட் பார்ட்டி, அது சட்டப்படி கட்டாயம். உன்னுடையதுபோல 1,000 சிசிக்கு மேல் 1,500 சிசிக்குள் இருக்கும் காருக்கு அரசு 2022-ல் அறிவித்த கட்டணம் வருஷத்துக்கு 3,416 ரூபாய். இன்னொன்று ஓன் டேமேஜ், உன் சொந்தக் காருக்கான பகுதி. நோ கிளெய்ம் போனஸ் என்பது இந்த ஓன் டேமேஜ் பிரீமியத்தில் மட்டும் கிடைக்கும் தள்ளுபடி. முதல் வருஷம் கிளெய்ம் இல்லாமல் போனால் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்தாம் வருஷ முடிவில் 50. அதற்கு மேல் ஏறாது. ஒரே ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யம், பிறகு மறுபடியும் 20-லிருந்து ஏற வேண்டும்.

நீ 2022-ல் கார் வாங்கினாய், இதுவரை கிளெய்ம் இல்லை. இப்போது உனக்கு 35 சதவீதம் ஓடுகிறது, அடுத்த தடவை 45 வரும். தள்ளுபடிக்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000 என்று வைத்துக்கொள். கிளெய்ம் போட்டால் அடுத்த வருஷம் 3,600 ரூபாய் தள்ளுபடி போகும். அதற்கடுத்த வருஷம் 50 சதவீதம் வாங்க வேண்டிய நீ 20 தான் வாங்குவாய், நஷ்டம் 2,400. பிறகு 2,000, 1,200, 400. கூட்டினால் 9,600, அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கார் பழசாக ஆக மதிப்பும் பிரீமியமும் இறங்கும் என்பதால் கொஞ்சம் குறைத்து, சுமார் 10,000 என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து வருஷத்தில் சொட்டுச் சொட்டாகப் போகும் பணம் என்பதால் இது யார் கண்ணிலும் படுவதில்லை.

இனி கம்பெனி எவ்வளவு கொடுக்கும் என்று பார். ஷோரூமில் புதுப் பம்பர் 4,000, இரண்டு பாகத்துக்குப் பெயிண்டிங் 6,000, டிங்கரிங்கும் பொருத்துக் கூலியும் 2,000, ஆக 12,000 என்று எஸ்டிமேட் தருகிறார்கள் என்று வைத்துக்கொள். பம்பர் பிளாஸ்டிக், அதனால் தேய்மானம் 50 சதவீதம், உனக்கு 2,000 தான் கிடைக்கும். பெயிண்டிங் பில்லில் கால் பங்கை மெட்டீரியல் என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், அங்கே 750 போகும். கூலியில் கழிவு இல்லை. கடைசியில் கட்டாயக் கழிவு, 1,500 சிசி வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய். மிச்சம் 8,250. இந்த 8,250-ஐ வாங்கப் போய்ப் பின்னால் 10,000 இழப்பாய். அதுபோக 3,750-ஐ இப்போதே உன் கையிலிருந்து கட்டியாக வேண்டும்.

'பம்பர் டு பம்பர்' என்ற சேர்க்கை போட்டிருந்தால் தேய்மானக் கழிவு போய்விடும், 11,000 கிடைக்கும். அப்போதும் ஏறத்தாழ சமம்தான். போனஸைக் காப்பாற்றும் தனிச் சேர்க்கை ஏதாவது வாங்கியிருக்கிறாயா என்று மட்டும் பார். அது இருந்தால் என் கணக்கே மாறிவிடும். இல்லையென்றால் ஷோரூமுக்கே போக வேண்டாம். நம் ஊர்ப் பட்டறைகளில் விரிசல் விட்ட பம்பரைச் சூடுகாட்டி ஒட்டி, தேய்த்து, அதற்கு மட்டும் பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். செலவு நன்றாகவே குறையும்.

ஆனால் ஒன்று. முடிவெடுக்கும் முன் பம்பரைக் கழற்றிப் பார்க்கச் சொல். அதற்குப் பின்னால்தான் ஏ.சி. கண்டென்சரும் ரேடியேட்டரும் இருக்கின்றன. வெளியே தலைமுடி அளவு கோடு, உள்ளே கண்டென்சரில் கசிவு என்று வந்த வண்டிகள் எத்தனையோ. ஹெட்லைட்டின் பிடிப்புக் காது உடைந்திருந்தாலும் வெளியே தெரியாது. அப்படி ஏதாவது இருந்து பில் 30,000, 40,000 என்று ஏறினால் தயங்காமல் கிளெய்ம் போடு. அதற்குத்தான் பிரீமியம் கட்டுகிறாய். கழற்றிப் பார்ப்பதை இன்றே செய். கம்பெனிக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்பது பாலிசி நிபந்தனை. நியாயமான காரணம் இருந்தால், தாமதம் என்ற ஒன்றை மட்டும் வைத்து இயந்திரத்தனமாகக் கிளெய்மைத் தள்ளக்கூடாது என்று ஒரு லாரித் திருட்டு வழக்கில் 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன் என்பது நியாயமான காரணம் ஆகாது. சர்வேயர் பார்ப்பதற்குள் பழுதுபார்த்துவிட்டாலும் கிளெய்ம் கெட்டுப்போகும்.

கிளெய்ம் போடுவதானால் நடந்ததை நடந்தபடி எழுது. "பின்கதவில் இருக்கும் பழைய கீறலையும் இதிலேயே சேர்த்துவிடலாம் சார்" என்று யாராவது காதில் ஓதுவார்கள், கேட்காதே. சர்வேயர் குனிந்து பார்க்கும்போது உன் ஃபெண்டர் கீறலில் ஆட்டோவின் மஞ்சள் பெயிண்ட் மெல்லிசாக ஒட்டியிருக்கும், கீறலுக்குள் தகடு பளபளவென்று இருக்கும். பின்கதவுக் கீறலில் பழுப்புத் துருவும் மெழுகு போட்ட வெள்ளைப் படிவும் இருக்கும். இரண்டும் ஒரே நாளில் விழுந்தவை அல்ல என்று சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம் போதும். பிறகு நீ உண்மையாகச் சொன்னதையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். அதுபோலவே, கிளெய்ம் வாங்கிவிட்டு அடுத்த வருஷம் வேறு கம்பெனியின் ஆன்லைன் படிவத்தில் "கிளெய்ம் இல்லை" என்று டிக் அடிப்பதும் வேண்டாம். விலை குறைகிறதே என்று செய்துவிட்டு, பெரிய விபத்து வந்த நாளில் அந்த ஒரு டிக்கால் கையைப் பிசைந்து நின்ற குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இப்போது ஆட்டோக்காரர். நான் எழுத உட்கார்ந்ததே அவருக்காகத்தான். 6,000 கேட்கிறார் என்றதும் "ஏமாற்றுகிறான்" என்றாய். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை.

பின்னால் வந்தவன் நீ. இடைவெளி விட்டிருக்க வேண்டியவனும் நீதான், அதில் வாதத்துக்கே இடமில்லை. அவருக்கு என்ன வழி இருக்கிறது என்று யோசி. ஆட்டோக்களில் பலவற்றுக்கு வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசிதான், சொந்த வண்டியின் சேதத்துக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. உன் பாலிசியின் தேர்ட் பார்ட்டி பகுதியில் அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை பாதுகாப்பு இருக்கிறது, உண்மைதான். ஆனால் அவர் உன் கம்பெனியின் கவுண்டரில் போய் பில்லை நீட்டி அதை வாங்க முடியாது. போலீசில் எஃப்.ஐ.ஆர்., பிறகு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு, வக்கீல், வாய்தா. ஒரு டெயில் லைட்டுக்கும் தகட்டுக்கும் யார் கோர்ட் ஏறுவார்கள்? ஆக, "இன்சூரன்ஸில் பார்த்துக்கொள்" என்று நீ சொன்னால், அவருக்கு ஒன்றும் கிடைக்காது என்று சொன்னதாகத்தான் ஆகும். நீ கிளெய்ம் போட்டு உன் காரைப் புதுசாக்கிக்கொள்வாய், அவர் உடைந்த விளக்கோடு ஓட்டி அதற்கும் அபராதம் கட்டுவார்.

பௌர்ணமி இந்த ஊர் ஆட்டோக்காரர்களுக்கு எப்படிப்பட்ட நாள் என்று உனக்குத் தெரியும். ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா வண்டிகள் எல்லாம் வந்து குவிகின்றன. ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையங்களில் இறங்கும் ஜனம் பதினாலு கிலோமீட்டர் நடப்பதற்கு முன்னும் பின்னும் ஆட்டோவைத் தேடுகிறது. மாசத்தின் மற்ற நாட்களில் விழும் துண்டை அந்த ஒரு ராத்திரி ஓட்டத்தில்தான் சரிக்கட்டுவார்கள். அந்த மத்தியானத்தில் நீ அவர் வண்டியை முட்டியிருக்கிறாய். இனி தகடு நிமிர்த்தி, பட்டி போட்டு, காயவைத்து, மஞ்சள் பெயிண்ட் அடித்து முடிக்க வண்டி இரண்டு நாளாவது பட்டறையில் நிற்கும். அது வாடகை வண்டியாக இருந்தால் ஓட்டாத நாளுக்கும் ஓனருக்கு வாடகை எண்ணி வைக்க வேண்டியிருக்கும். நேரில் பேசி முடித்தால் இந்த நாள் வருமானத்தையும் கணக்கில் சேர்க்க முடியும். அதனால் உன் காருக்குக் கணக்கைப் பார், அவருக்கு நியாயத்தைப் பார்.

அதற்காகக் கேட்டதைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கச் சொல்லவில்லை. அவரோடு நீயே பட்டறைக்குப் போ. அவர் வழக்கமாக விடும் பட்டறையாகவே இருக்கட்டும். மேஸ்திரியிடம் விலை எழுதி வாங்கு, வேலைக்கான பணத்தை மேஸ்திரியிடமே கொடு. வண்டி எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டு அந்த நாட்களுக்குச் செலவு போக வருமானம் என்ன என்று அவரிடமே கேள், அதை அவர் கையில் கொடு. ஏற்கெனவே கொடுத்த 500-ஐக் கழிக்காதே. பேரம் பேசும்போது அவரை "நீ, வா, போ" என்று பேசாதே. வயசு எதுவாக இருந்தாலும் "அண்ணே" என்று கூப்பிடு. பாதிச் சண்டை அதிலேயே அடங்கிவிடும்.

கடைசியில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: தேதி, இடம், இரண்டு வண்டி நம்பர், யாருக்கும் காயம் இல்லை என்ற வரி, பழுதுச் செலவும் வருமான இழப்பும் இவ்வளவு பெற்றுக்கொண்டேன், இதில் இனி கோரிக்கை இல்லை என்ற வரி. இரண்டு பேர் கையெழுத்து, மேஸ்திரி சாட்சி. ஆட்டோவின் போட்டோ, பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் போனில் இருக்கட்டும். "தப்பு முழுக்க என்னுடையது, என்ன செலவானாலும் ஏற்கிறேன்" என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதே. கம்பெனியின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ, கொடுக்கவோ கூடாது என்று உன் பாலிசி நிபந்தனையிலேயே இருக்கிறது. அதனால் நீ இப்போது கொடுக்கும் பணத்தைப் பின்னால் கம்பெனியிடம் கேட்க முடியாது. அது உன் சொந்தப் பணம் என்று நினைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் தகடும் பிளாஸ்டிக்கும் மட்டும் அடிபட்டதால் சொல்கிறேன். ஒரு ஆள் மேல் பட்டுவிட்டால் கதை வேறு. நம் ஊரில் கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு வயசானவர்களும் சாதுக்களும் ராத்திரி முழுக்க நடக்கிறார்கள். யாரையாவது லேசாக உரசினாலும், அவர் "ஒன்றுமில்லை, போப்பா" என்று எழுந்து நின்றாலும், கையில் ரூபாயைத் திணித்துவிட்டுக் கிளம்பாதே. 108-ஐக் கூப்பிடு, அல்லது நீயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போ. போலீசுக்குச் சொல், கம்பெனிக்கு எழுத்தில் தெரிவி. மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவு இதை ஓட்டுநரின் கடமையாகவே வைத்திருக்கிறது. எலும்பு விரிசலும் தலைக்குள் ரத்தக் கசிவும் சில சமயம் மறுநாள்தான் காட்டும். அப்போது அந்தக் குடும்பத்துக்குத் தேவைப்படுவது லட்சக்கணக்கில் வரும் இழப்பீடு. உயிர்ச்சேதத்துக்கும் காயத்துக்கும் தேர்ட் பார்ட்டி பகுதியில் உச்சவரம்பே கிடையாது. தெருவோரச் சமரசத்தால் அந்தக் கதவை அவர்களுக்கு மூடிவிடக் கூடாது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. கார் வாங்கிய அன்று, மூன்று வருஷத் தேர்ட் பார்ட்டியை மொத்தமாகத் தலையில் கட்டுகிறார்கள் என்று கோபப்பட்டாய். அது கம்பெனிகள் செய்த தந்திரம் இல்லை. கோவை எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 ஜூலையில் போட்ட உத்தரவு. காப்பீடு இல்லாத வண்டிகள் சாலையில் ஓடி, அடிபட்டவர்கள் நாதியில்லாமல் நின்றதால் வந்தது. அந்த வருஷம் செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருஷம், புது இருசக்கர வண்டிக்கு ஐந்து வருஷம் சேர்த்து எடுக்க வேண்டும். உன்னுடைய அந்த மூன்று வருஷம் 2025-ல் முடிந்துவிட்டது. நடு வருஷங்களில் ஓன் டேமேஜை மட்டும் தனியாகப் புதுப்பித்துப் பழகியவர்கள், நாலாவது வருஷமும் அதையே செய்துவிட்டு, தேர்ட் பார்ட்டி இல்லாமல் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். உன் பாலிசியில் 'லயபிலிட்டி' பிரீமியம் என்று தனி வரி இருக்கிறதா, அதன் முடிவுத் தேதி என்ன என்று பார்த்து, முதல் பக்கத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. அந்த வரி இல்லாவிட்டால், அதை எடுக்கும்வரை காரை வெளியே எடுக்காதே.

ஆட்டோக்காரரிடம் இன்றைக்கே பேசிவிடு. பட்டறைக்குப் போகும்போது பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் மாமாவை அனுப்புகிறேன்.

அன்புடன்,
அத்தை