43 இலிருந்து 75 வரை

தரம் 13 முதலாம் தவணைப் பரீட்சையில் பௌதிகவியலுக்கு எனக்குக் கிடைத்தது 43 புள்ளிகள். தேர்ச்சி அறிக்கையைப் பார்த்த வாப்பா, "என்ன மகள், பாதிகூட வரல்லியே" என்றார். வகுப்பில் ஆறாம் இடம் என்று கேட்டதும் உம்மா, "அல்ஹம்துலில்லாஹ், அப்ப பரவாயில்ல" என்றார். எனக்கோ மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த "3ஏ" என்ற கடதாசியைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அந்தக் கடதாசியை ஒட்டிய நாளில் ஒரு நேர அட்டவணையும் தயாரித்திருந்தேன். சுபஹுக்குப் பின் என்ன படிப்பது, இஷாவுக்குப் பின் என்ன படிப்பது என்பதெல்லாம் அதில் இருந்தது. நான் இப்போது எங்கே நிற்கிறேன் என்பது மட்டும் இல்லை.

முதலில் ஒரு பிழையான வழியில் அளந்தேன். எங்கள் வகுப்பில் 24 பேர். புள்ளிகளின் இடை 38, நியம விலகல் ஏறத்தாழ 10. என் புள்ளியிலிருந்து இடையைக் கழித்து நியம விலகலால் வகுத்தால் இசட் புள்ளி 0.5. உடனே அதைப் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியோடு ஒப்பிடப் போனேன். ஆனால் உண்மையான இசட் புள்ளி, அந்த வருடம் அந்தப் பாடத்துக்குத் தோற்றிய நாடளாவிய பரீட்சார்த்திகளின் புள்ளிகளைக் கொண்டு கணிக்கப்படுவது. 24 பேருக்குள் கணித்தது 24 பேருக்குள் மட்டுமே செல்லும். ஆறாம் இடமும் அப்படித்தான். இன்னொன்று: 75 எடுத்தாலும் 95 எடுத்தாலும் ஏ சித்திதான், ஆனால் இசட் புள்ளி வேறு. அனுமதிக்குப் பார்ப்பது மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளின் சராசரியை. சுவரில் நான் ஒட்டியிருந்த இலக்குகூட அரைகுறையானது என்று அப்போதுதான் விளங்கியது.

பிறகு, ஒரு சனிக்கிழமை காலையில் தொலைபேசியை உம்மாவிடம் கொடுத்துவிட்டு, கடந்தகால வினாத்தாள் ஒன்றின் 50 பல்தேர்வு வினாக்களையும் சரியாக இரண்டு மணித்தியாலத்தில் செய்தேன். ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன்தான் வருகிறது. நேரம் முடியும் தறுவாயில் 39ஆம் வினாவில் நின்றேன். மீதி 11 க்கும் கண்ணை மூடிக்கொண்டு விடை போட்டேன். சரியானவை 21. அதில் இரண்டு, குருட்டு அதிர்ஷ்டம். ஐந்து தெரிவுகள் உள்ள வினாக்களில் ஊகித்தே ஐந்தில் ஒன்று சரிவரலாம், ஆகவே அவற்றை என் அறிவாக எண்ணக் கூடாது.

அடுத்து நான் செய்ததுதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. செய்து பிழைத்த 20 வினாக்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, ஏன் பிழைத்தது என்று பக்கத்தில் எழுதினேன். 9 வினாக்கள் உண்மையிலேயே தெரியாதவை. பெரும்பாலும் இலத்திரனியலும் வெப்பமும். மற்ற 11 உம் தெரிந்தவை! சென்ரிமீற்றரை மீற்றராக்க மறந்தது, பத்தின் அடுக்கில் தவறியது, "பிழையான கூற்று எது" என்பதைச் "சரியான கூற்று" என்று வாசித்தது. இவற்றைப் பார்த்தபோது அழுகைகூட வந்தது. ஆனால் அழுது முடித்ததும் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

இரண்டாம் வினாத்தாளையும் எழுதி ஆசிரியையிடம் திருத்தக் கொடுத்தேன். 100 க்கு 46. முதலாவதில் 21 என்றால் நூற்றுக்கு 42. இரண்டுக்கும் சம நிறை கொடுத்தால் 44. ஏ சித்திக்கு இன்னும் 31 வேண்டும். தெரிந்தே இழந்த 11 இல் எட்டை மீட்டு, நேரத்தைச் சரிப்படுத்தி இன்னும் மூன்றைப் பெற்றால், பல்தேர்வு 32 ஆகும், மொத்தம் 55 ஆகும். புதிதாக ஒரு பாடமும் படிக்காமலே 11 புள்ளிகள்! மீதி 20 க்குத்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும். ஆகவே அடுத்த தவணைக்கு என் இலக்கு 75 அல்ல, 55.

இதை வீட்டில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. நான் பௌதிகவியலுக்கு மட்டும் இரண்டு டியூஷன் வகுப்புகளுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒன்றை நிறுத்தி, அந்த நேரத்தில் மணிக்கூட்டை வைத்து வினாத்தாள் செய்கிறேன் என்று கேட்டேன். "எல்லாப் பிள்ளைகளும் போறாங்களே" என்று உம்மா பயந்தார். வாப்பா அந்தப் பிழைப் பட்டியலை வாங்கி நெடுநேரம் பார்த்தார். மீற்றர் விஷயத்தில் சிரித்தும்விட்டார். "அடுத்த தவணை வரைக்கும் செஞ்சு பாருங்க மகள்" என்றார்.

ஐந்து வாரங்களுக்குப் பின் வேறொரு வருட வினாத்தாளைச் செய்தேன். 28. வினாத்தாள்கள் எல்லாம் ஒரே கடினமல்ல என்பதால் ஏழு வினாக்கள் முன்னேறிவிட்டேன் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இம்முறை 46ஆம் வினா வரை போனேன், அலகு மாற்றாமல் விட்டது ஒன்றே ஒன்று. "3ஏ" கடதாசியை நான் கழற்றவில்லை. அதற்குக் கீழே 21 என்று எழுதி, பக்கத்தில் 28 என்றும் எழுதியிருக்கிறேன். இன்ஷா அல்லாஹ், வரும் சனிக்கிழமை அடுத்ததைச் செய்ய வேண்டும்.