அலமாரிக்குள் இருக்கும் காற்று

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய இன்டீரியர் கொட்டேஷனைப் படித்தேன். ஒன்பது லட்சத்தில் முக்கால்வாசி பலகைக்கே போகிறது. ஹாலில் டி.வி. பேனல், மூன்று அறையிலும் கூரை தொடும் அலமாரி, சமையலறை முழுக்கப் பெட்டி, போதாக்குறைக்கு எல்லா அறைக்கும் ஃபால்ஸ் சீலிங். படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தவழுகிற பிள்ளை இருக்கும் வீட்டில் இவ்வளவு பலகையா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

காரணம் பசை. ப்ளைவுட், எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு எதுவானாலும் மரத்தை மரத்தோடு பிடித்து வைத்திருப்பது அதுதான். விலை குறைந்த பலகைகளில் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. இறுகின பிறகும் அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கொஞ்சங் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும். மாதக்கணக்கில், சில பலகைகளில் வருடக்கணக்கில். புது அலமாரியைத் திறந்ததும் கண் கரிக்கிறதே, அதில் இதற்கும் பங்கு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. பயந்துவிடாதே. சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்லும். ஆபத்து நாம் சுவாசிக்கும் அளவைப் பொறுத்தது. வெக்கையும் புழுக்கமும் கூடினால் கசிவும் கூடும். சென்னையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. அதிலும் ஏ.சி. போட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கும் அறையில் வாயு போக வழி ஏது?

அதனால் கடையில் "நல்ல ப்ளை" என்று பொதுவாகக் கேட்காதே. எம்.ஆர். தரத்தில் பெரும்பாலும் அந்த யூரியா பசைதான், அது வேண்டாம் என்று சொல். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ப்ளை, இல்லாவிட்டால் கொதிநீர் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். தரம் கேள். இவற்றில் பெரும்பாலும் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை இருக்கும். பெயரில் அதே சொல் வந்தாலும் கசிவு மிகக் குறைவு. கூடவே கசிவின் அளவைக் குறிக்கும் இ1 அல்லது இ0 சான்றையும் காட்டச் சொல்.

வேலை நடக்கும்போது நீயே ஒருநாள் போய் அலமாரியின் முதுகைப் பார். முன்பக்கம் லேமினேட் பளபளக்கும். சுவரைப் பார்த்த பக்கம், தட்டுகளின் பின் விளிம்பு, கீல் பதிக்கத் தோண்டிய குழி, வயர் விடப் போட்ட ஓட்டை எல்லாம் மொட்டைப் பலகையாக நிற்கும். வாயு வெளியே வருவதும் ஈரம் உள்ளே போவதும் அந்த வழியாகத்தான். நாலு விளிம்புக்கும் எட்ஜ் பேண்டிங், உள்ளுக்கும் முதுகுக்கும் மெல்லிய லேமினேட் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்கு. வாய்ப்பேச்சு நிற்காது.

சமையலறைக்கு இந்தத் தலைவலியே வேண்டாம். உன் பாட்டி வீட்டில் இருந்த கடப்பாக் கல் தட்டு நினைவிருக்கிறதா? பக்கத்துக்கும் தட்டுக்கும் கடப்பாக் கல்லை நிறுத்திவிட்டு, முன்னால் கதவு மட்டும் மரத்தில் போடு. கரையான் வராது, தண்ணீர் பட்டு ஊதாது, பசை வாடையும் கிடையாது. பழையகாலத்து வேலை என்று இன்டீரியர்காரர் முகம் சுளிப்பார். அவருக்கு அதில் லாபம் குறைவு, அவ்வளவுதான். கதவுக்குப் பழைய மரக்கடையில் தேக்கு கிடைக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய் செட்டிநாட்டுத் தூணும் கதவும் வாங்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னாராமே. ஏற்கெனவே இடிந்துபோன வீட்டுக் கதவு என்றால் சந்தோஷமாக வாங்கட்டும். நல்ல வீட்டை விற்பனைக்காகவே பிரிப்பதும் நடக்கிறது. அதற்குக் காசு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஃபால்ஸ் சீலிங்கைக் கொட்டேஷனிலிருந்து அடித்துவிடு. ஒன்பதரை அடி உயர அறையில் முக்கால் அடியை மூடி, அதற்குள் இருபது விளக்கைப் புதைப்பது எதற்கு? அந்தக் காசில் எல்லா ஜன்னலுக்கும் கொசுவலை போடு. வலை இருந்தால்தான் சாயங்காலம் ஜன்னலைத் திறந்து வைக்க முடியும். கோடையில் மதியத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வரும். உங்கள் பால்கனி கிழக்குப் பார்த்தது. ஹாலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே கொட்டேஷனில் போட்டிருக்கிற தடுப்பு அலமாரி அந்தக் காற்றை மறித்துவிடும். அதையும் எடுத்துவிடச் சொல். வலை போட்டுவிட்டால் கொசுவர்த்தியும் தேவைப்படாது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் விடும் அளவுக்குச் சமம் என்று 2003-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது.

செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்று எழுதியிருந்தாய். அந்தப் பேச்சு 1989-இல் நாசா செய்த ஆய்விலிருந்து வந்தது. அது இறுக மூடிய பெட்டிக்குள் நடந்த சோதனை. பின்னால் 2019-இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, ஜன்னல் வழி வரும் காற்றுக்கு ஈடுகட்ட ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் தொட்டி வேண்டும் என்றது. மணி பிளான்ட் கண்ணுக்குக் குளிர்ச்சி, அதற்காகவே வை.

பெயின்ட் பற்றிச் சுருக்கமாக. 2016-இல் வந்த விதிப்படி வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது. பிள்ளை ஜன்னல் கம்பியைக் கடிக்கும் வயது, அதனால் கம்பிக்கு அடிக்கும் எனாமல் டப்பாவில் ஈயம் பற்றி என்ன அச்சிட்டிருக்கிறது என்று பார்த்து வாங்கு. சுண்ணாம்பு அடிக்க ஆசைப்பட்டாய். புட்டி பூசிய சுவரில் அது பிடிக்காது. வாயு குறைவாக விடும் எமல்ஷன் போதும்.

அழகுக்கு வருகிறேன். பில்டர் போட்ட டைல்ஸை உடைக்காதே. நல்ல தரையைப் பெயர்த்துக் குப்பையாக்கிவிட்டு அதன்மேல் எதைப் போட்டாலும் அது சுற்றுச்சூழலுக்கு நல்லதல்ல. ஆத்தங்குடிக் கல் வேண்டுமென்றால் பூஜை அறைக்கும் பால்கனிக்கும் மட்டும் போடு. அதைச் செய்வதை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். கண்ணாடித் தட்டின்மேல் இரும்புச் சட்டம் வைத்து, பூ வடிவ அச்சின் ஒவ்வொரு அறையிலும் வண்ணச் சிமென்ட் கரைசலை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் நிறங்கள் விளிம்பில் லேசாக ஒன்றையொன்று தொடும். பிறகு மேலே மணலும் சிமென்ட்டும் தூவி, கனமாக நிரப்பி, தண்ணீரில் ஊறப்போடுவார்கள். சூளையே கிடையாது. கண்ணாடியைத் தொட்ட பக்கம்தான் மேல்முகம். அந்த வழவழப்பு அங்கிருந்து வருவது. துடைக்கத் துடைக்க மெருகேறும். எலுமிச்சைச் சாறு சிந்தினால் கறை பிடிக்கும், அதனால் சமையலறைக்கு ஆகாது. கனமும் அதிகம், கதவின் அடியை இழைக்க வேண்டி வரலாம், தச்சரிடம் முன்பே சொல்.

ஹாலில் செயற்கை இழைக் கம்பளம் வேண்டாம். பவானி ஜமுக்காளம் ஒன்று, பத்தமடைப் பாய் ஒன்று. மொட்டைமாடியில் உதறி வெயிலில் போட்டால் தூசி போய்விடும். அந்தச் சிவப்புக்கும் பச்சைக்கும் வெள்ளைச் சுவர்தான் எடுப்பு. வேறு அலங்காரமே வேண்டாம்.

மின்விசிறி மட்டும் பி.எல்.டி.சி. மோட்டார் உள்ளதாக வாங்கு. சாதாரண விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் இது ஏறக்குறைய 30 வாட்.

திருத்திய கொட்டேஷனைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு அனுப்பு. ஜன்னல் அளவுகளை உள்பக்கம் பிடித்து, மேலும் கீழும் இரண்டு இடத்தில் எடுத்து எழுது. சட்டம் கோணலாக இருந்தால் கொசுவலைக்கு ஒரே அளவு சரிவராது.

அன்புடன்,
மாமா