டிஜே கன்ட்ரோலர் வாங்கியாயிற்று, அடுத்து?

ஆகஸ்ட் 2, 3 தேதிகளில் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா. ஆடிப் பதினெட்டுக் கூட்டமும் அதே சமயத்தில் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு ஏறும். ரிசார்ட்களில் அறை கிடைக்காது. கேம்ப்ஃபயருக்கு டிஜே கேட்டு மேனேஜர் போனை எடுப்பார். யாருக்குப் போடுவார்? சேலத்துக்கு. மலைமேலேயே செம்மேட்டில் கன்ட்ரோலரோடு உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அல்ல.

கோபப்படுவதில் பயனில்லை, கணக்குப் போடுங்கள். சேலத்துக்காரர் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வர வேண்டும். வண்டி வாடகை, ராத்தங்கல் எல்லாம் ரேட்டில் ஏறும். உங்களுக்கு அந்தச் செலவு கிடையாது. ஆனால் அவருடைய ஸ்பீக்கரோடும் லைட்டோடும் நீங்கள் மோத முடியாது. மோத வேண்டிய இடம் லேப்டாப்புக்குள் இருக்கிறது. அவரிடம் இல்லாத பாட்டு எடிட் உங்களிடம் இருக்க வேண்டும். உங்கள் செட்டப் நடுவில் நிற்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் டிஜே சாஃப்ட்வேர் மட்டும் போதாது. மியூசிக் புரொடக்‌ஷன் சாஃப்ட்வேரையும் கன்ட்ரோலரையும் பேச வைக்கத் தெரிய வேண்டும்.

1. வாங்கும்போது

முதல் கன்ட்ரோலருக்குக் கடன் வாங்காதீர்கள். பயோனியர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 போன்ற ஆரம்ப மாடலே போதும். யுஎஸ்பி வழியாகவே கரன்ட் எடுத்துக்கொள்ளும், சவுண்ட் கார்டு உள்ளேயே இருக்கும், ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ என்ற இரண்டு டிஜே சாஃப்ட்வேரிலும் ஓடும். செகண்ட் ஹேண்டில் எடுத்தால் ஒவ்வொரு ஃபேடரையும் மேலும் கீழும் தள்ளி, திரையில் அளவு குதிக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

புரொடக்‌ஷனுக்கு ஏபிள்டன் லைவ் அல்லது எஃப்எல் ஸ்டுடியோ. கீழே சொல்லும் படிகள் லைவுக்கானவை. கிராக் வெர்ஷன் வேண்டாம். நியாயம் பேசவில்லை, தொழில் பேசுகிறேன்: மேடையில் லேப்டாப் உறைந்து நின்றால் போவது உங்கள் பெயர். எஃப்எல் ஸ்டுடியோவின் இலவச டிரயலில் சேவ் செய்த புராஜெக்டைத் திரும்பத் திறக்க முடியாது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இன்ஸ்டால், அப்டேட், ஆத்தரைசேஷன் எல்லாவற்றையும் நல்ல நெட் கிடைக்கும் இடத்தில் முடித்துவிடுங்கள். மலையில் சிக்னலை நம்பி ஸ்ட்ரீமிங்கில் பாட்டுப் போடுகிறவர் டிஜே அல்ல, சூதாடி.

2. சத்தம் முதலில், பட்டன் பிறகு

பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆடியோவைச் சரிசெய்யாமல் பட்டன்களை மேப் செய்து பொழுதைக் கழிக்கிறார்கள். கன்ட்ரோலர் கம்பெனி டிரைவர் கொடுத்திருந்தால் அதை இன்ஸ்டால் செய்யுங்கள். லைவின் செட்டிங்ஸில் ஆடியோ பகுதிக்குப் போய், விண்டோஸ் என்றால் டிரைவர் டைப்பில் ஏசியோ, டிவைஸில் உங்கள் கன்ட்ரோலர். அவுட்புட் கான்ஃபிகில் 1/2, 3/4 இரண்டையும் ஆன் செய்யுங்கள். இரண்டு ஜோடி அவுட்புட் உள்ள கன்ட்ரோலர்களில் 1/2 ஸ்பீக்கருக்கும் 3/4 ஹெட்போனுக்கும் போவதுதான் வழக்கம். மாஸ்டரை 1/2-க்கும் க்யூவை 3/4-க்கும் கொடுத்தால், கூட்டத்துக்குக் கேட்காமல் அடுத்த பாட்டை நீங்கள் மட்டும் கேட்கலாம்.

பஃபர் சைஸ் 256 சாம்பிளில் தொடங்குங்கள். 44,100 சாம்பிள் ரேட்டில் அது 6 மில்லிசெகண்டுக்கும் குறைவு. பேடைத் தட்டியதும் சத்தம் வரும். 1024 வைத்தால் 23 மில்லிசெகண்ட். தாளம் தட்டும் கைக்கு அந்தத் தாமதம் நன்றாகவே தெரியும். சத்தம் பொரிகிறது என்றால் 512-க்கு ஏற்றுங்கள்.

விண்டோஸில் இன்னொரு சிக்கல். ஒரு சாஃப்ட்வேர் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டால் மற்றதற்குப் பெரும்பாலும் விடாது. லைவில் கன்ட்ரோலர் தெரியவில்லையா? ரெக்கார்ட்பாக்ஸ் பின்னால் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

3. மேப்பிங்

கன்ட்ரோலரில் நீங்கள் அசைக்கும் ஒவ்வொன்றும் ஒரு மிடி செய்தி. 1983-இல் வந்த தரம்தான், இன்னும் அதே பாஷை. ஒரு நாப் சாதாரணமாக 0 முதல் 127 வரை 128 படிகளில் பேசும். லைவின் மிடி செட்டிங்ஸில் உங்கள் கன்ட்ரோலரின் இன்புட்டுக்கு டிராக், ரிமோட் இரண்டையும் ஆன் செய்யுங்கள். அவுட்புட்டுக்கும் ரிமோட் கொடுங்கள். கொடுக்காவிட்டால் பட்டன் விளக்குக்குச் செய்தி திரும்பிப் போகாது. பிறகு கன்ட்ரோல்+எம். திரையில் ஒரு நாபைத் தொடுங்கள், கையில் ஒரு நாபைத் திருப்புங்கள். ஒட்டிக்கொண்டது.

எல்லோரும் தடுக்கி விழும் இடங்கள் மூன்று.

ஃபேடர் பைத்தியம் பிடித்ததுபோல் குதிக்கும். நுணுக்கமாக வேலை செய்வதற்காகச் சில கன்ட்ரோலர்கள் ஒரே ஃபேடருக்கு இரண்டு செய்திகள் அனுப்பும், 14 பிட். லைவ் அதில் பொடி அளவைப் பிடித்துக்கொண்டால் இந்தக் கூத்து. மேப்பிங் மோடை 14 பிட்டுக்கு மாற்றுங்கள்.

அடுத்தது ஜாக் வீல். அது ‘எந்த இடத்தில் இருக்கிறேன்’ என்று சொல்லாது, ‘எவ்வளவு நகர்ந்தேன்’ என்று மட்டுமே சொல்லும். ஆகவே ரிலேட்டிவ் மோட். அப்போதும் லைவில் ஸ்கிராட்ச் அடிக்க முயலாதீர்கள், அது அதற்கான சாஃப்ட்வேரே அல்ல. ஃபில்டர் திருப்ப வைத்துக்கொள்ளுங்கள்.

பேடைத் தட்டினால் லைவின் டிரம் ரேக்கில் சத்தமே வராதது மூன்றாவது. டிரம் ரேக்கின் முதல் கட்டம் சி1, அதாவது நோட் 36. உங்கள் பேட் 0-விலிருந்து அனுப்பினால் இரண்டும் சந்திக்காது. நடுவில் பிட்ச் எஃபெக்டைப் போட்டு +36 கொடுங்கள். இடது எட்டும் வலது எட்டும் ஒரே நோட்டை வெவ்வேறு சேனலில் அனுப்புகிற மாடல்களும் உண்டு. இரண்டு மிடி டிராக் திறந்து சேனலைப் பிரித்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் டெம்ப்ளேட்டாக சேவ் செய்து, பென் டிரைவில் ஒரு காப்பி. புது லேப்டாப்பில் பத்து நிமிடத்தில் எழுந்து நிற்க வேண்டும்.

4. காசு இங்கேதான்

நம் ஊர்ப் பாட்டுகளை டிஜே சாஃப்ட்வேர் அப்படியே நேராக்கிவிடும் என்று நம்பாதீர்கள். 1980-களின் பாட்டுகள் பலவும் வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்து ரெக்கார்டிங் ஆனவை. சரணத்தில் வேகம் லேசாக ஏறும், இறங்கும். மெஷின் போட்ட தாளக் கட்டம் நேராக நிற்கும், பாட்டு நகர்ந்துவிடும். சிங்க் பட்டனை நம்பி அடுத்த பாட்டைச் சேர்த்தால் இரண்டு தாளமும் மேடையில் சண்டை போடும். சேலத்து டிஜேவுக்கும் இதே தலைவலிதான். அதனால்தான் பலர் அந்தப் பாட்டுகளைத் தொடாமல் நகர்ந்துவிடுகிறார்கள். கூட்டம் கேட்பதோ அவற்றைத்தான்.

வழி இது. பாட்டை லைவுக்குள் போடுங்கள். முதல் தாள அடியில் ‘1.1.1-ஐ இங்கே வை’ என்ற கட்டளை. நாலு அல்லது எட்டு தாள வட்டத்துக்கு ஒரு முறை வார்ப் மார்க்கரை அடியின் மேல் நகர்த்துங்கள். முழுப் பாட்டுக்குக் காம்ப்ளெக்ஸ் மோட், தனி டிரம் லூப்புக்கு பீட்ஸ் மோட். பிறகு நிலையான ஒரு பிபிஎம்மில் வேவ் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து ரெக்கார்ட்பாக்ஸில் சேருங்கள். இப்போது சிங்க் உங்கள் பேச்சைக் கேட்கும். ராத்திரிக்கு ஒரு பாட்டு முடித்தாலும் போதும்.

குத்துப்பாட்டில் வேறு பொறி. தவில்காரர் திஸ்ர நடை என்பாரே, மூன்று மூன்றாகப் பிரிவது, அதில் சாஃப்ட்வேர் எளிதில் ஏமாறும். கால் தட்டும் வேகம் 100 என்றால் திரையில் 150 என்று காட்டலாம். எண்ணைப் பார்க்காதீர்கள். காலால் தட்டிப் பார்த்துத் திருத்துங்கள்.

அடுத்து உங்கள் சொந்தச் சத்தம். திருவிழாவுக்கு வரும் உறுமி, தப்புக்காரர்களிடம் அனுமதி கேட்டு, காசு கொடுத்து ரெக்கார்டிங் எடுங்கள். காசு கொடுக்காமல் எடுப்பது திருட்டு, மலையில் அந்தப் பேச்சு சீக்கிரம் பரவும். தனித்தனி அடிகளாக வெட்டி டிரம் ரேக்கில் போட்டால் இரண்டு பக்கப் பேடிலும் சேர்ந்து பதினாறு அடிகள் உங்கள் விரலில்.

இவ்வளவும் வீட்டு வேலை. நிகழ்ச்சியில் ரெக்கார்ட்பாக்ஸ் மட்டும் ஓடட்டும். லைவையும் ரெக்கார்ட்பாக்ஸையும் ஒரே லேப்டாப்பில் ஓட்டி, ஏபிள்டன் லிங்க் வழியாக வேகத்தைச் சேர்க்க முடியும். ஆனால் முதல் வருடம் அந்த ஆசை வேண்டாம்.

5. மலைக்கு ஏற்ற ஏற்பாடு

பனி இறங்கும் இடத்தில் கன்ட்ரோலரைத் திறந்தவெளியில் வைக்காதீர்கள். நிகழ்ச்சி முடிந்ததும் ஈரம் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வையுங்கள். கரன்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், மிக்ஸர் ஓடாது. ஜெனரேட்டர் யார் பொறுப்பு என்று முதலிலேயே கேளுங்கள். சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் ‘ஊம்’ என்று இரைந்தால் எர்த்திங் கோளாறு. ஒரு டிஐ பாக்ஸ் பையில் இருக்கட்டும். ஆர்சிஏ-விலிருந்து மிக்ஸருக்குப் போகும் கேபிளில் இரண்டு செட். சவுண்ட் சர்வீஸ்காரரிடம் கேபிள் இரவல் கேட்கும் டிஜேவை அவர் அடுத்த இடத்தில் சிபாரிசு செய்யமாட்டார். உங்கள் பாதி வேலை அவர் வழியாகத்தான் வரும், மறக்காதீர்கள்.

6. சட்டம்

இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. 2000-இல் வந்த ஒலி மாசு விதிகள் அப்படி. ‘இன்னும் ரெண்டே பாட்டு’ என்று கெஞ்சுவார்கள். மெல்லிய பாட்டோடு 9.50-க்கு இறக்கிவிடுகிறவரைத்தான் மேனேஜர் மறுபடி கூப்பிடுவார். கல்யாணத்திலும் அதைச் சேர்ந்த கொண்டாட்டங்களிலும் பாட்டுப் போட காப்புரிமைச் சட்டம் 52-வது பிரிவில் விலக்கு இருக்கிறது. ரிசார்ட் பார்ட்டிக்கு அந்த விலக்கு பொருந்தாது. லைசென்ஸ் யார் எடுக்கிறார்கள் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். ரீல்ஸில் போடும் டெமோவுக்கு சினிமாப் பாட்டை எடுக்காமல் உங்கள் உறுமி பீட்டையே போடுங்கள். காப்புரிமைக் கிளெய்ம் விழாது, உங்கள் முத்திரையும் பதியும்.

7. ரேட்

சேலத்துக்காரரைவிடப் பாதி ரேட் சொல்லி உள்ளே நுழையாதீர்கள். பாதி ரேட்காரர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் உரிக்க முடியாது. அவருடைய போக்குவரத்துச் செலவை மட்டும் கழித்துச் சொல்லுங்கள். ஜூலை முதல் வாரத்திலேயே இரண்டு நிமிட டெமோவோடு ரிசார்ட் மேனேஜர்களை நேரில் பாருங்கள். ஆகஸ்டில் போனால் தேதி போயிருக்கும். பாதி அட்வான்ஸ் கைக்கு வராமல் கன்ட்ரோலரைப் பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள்.