சோபா காத்திருக்கட்டும்

அன்புள்ள கயல்,

முடிச்சூரில் தரைத்தளத்தில் வீடு பிடித்துவிட்டாய் என்றும், அம்மா இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள் என்றும் எழுதியிருந்தாய். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் பட்ட பாடு ஊரறிந்தது. அதற்காக வீட்டைக் காலிசெய் என்று சொல்லமாட்டேன். சென்னைப் பக்கம் தண்ணீரே ஏறாத இடத்தில்தான் இருப்பேன் என்றால் வாடகை கொடுத்து மாளாது. தண்ணீர் வருவதற்கு முன் என்ன செய்வது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வடிந்த பிறகு என்ன செய்வது என்று நீ கேட்டாய் பார், அது நல்ல கேள்வி.

வயரிங் வேலைக்காக நான் ஏறி இறங்கிய வெள்ள வீடுகளில் ஒரு காட்சி மாறவே மாறாது. கூடத்து சோபாவை நாலு பேர் மூச்சுமுட்ட மாடிக்குத் தூக்கிக்கொண்டிருப்பார்கள். பீரோவின் அடித்தட்டில் வீட்டுப் பத்திரம் ஊறிக்கொண்டிருக்கும். கண்ணை உறுத்துவது எதுவோ அதற்குத்தான் கை முதலில் போகிறது. நனைந்த சோபாவை இன்று எடுத்தாலும் நாளை எடுத்தாலும் அதன் கதி ஒன்றுதான். மணிக்கு மணி கெட்டுக்கொண்டிருக்கும் பொருள் எது என்று பார்த்து அதைத் தொட வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால் கரண்ட்.

"தெருவிலேயே கரண்ட் இல்லை, பயமில்லை" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீரென்கிறது. உன் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது அல்லவா? ஈ.பி. சப்ளை நின்றதும் விழித்துக்கொள்வதுதான் அதன் வேலை. தெருவே இருட்டாக இருக்கும்போது, பேட்டரியிலிருந்து 230 வோல்ட் எடுத்து உன் சுவர்ப் பாயின்ட்டுகளுக்கு அது அனுப்பிக்கொண்டிருக்கலாம். மெயினை இறக்கினாலும் இன்வெர்ட்டர் லைன் சாகாது. அதைத் தனியாக நிறுத்த வேண்டும். இரண்டையும் தண்ணீரில் நின்றபடி தொடாதே. உலர்ந்த இடத்தில் நின்று கைக்கு எட்டவில்லை என்றால், வெளியே இருந்தபடி ஈ.பி.க்குச் சொல்லி இணைப்பைத் துண்டிக்கச் சொல். ஈ.பி.யின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. புயல் நாளில் ஊரே அந்த எண்ணைத்தான் அழைக்கும் என்பதால், உங்கள் ஏரியா லைன்மேன் நம்பரையும் இப்போதே வாங்கி வைத்துக்கொள். இன்வெர்ட்டரை நிறுத்த எலக்ட்ரீஷியன் வரும் வரை தண்ணீருக்குள் கால் வைக்க வேண்டாம்.

தண்ணீர் வடிந்ததும் "போட்டுப் பாத்துக்கலாம்" என்று மெயினைத் தூக்க வரும் எலக்ட்ரீஷியனை வாசலோடு அனுப்பிவிடு. சுவிட்ச் போர்டுகளைக் கழற்றி, உள்ளே படிந்த சேற்றைத் துடைத்து, காயவிட்டு, மெக்கர் என்ற இன்சுலேஷன் டெஸ்டரை வைத்து வயரைச் சோதித்த பிறகுதான் சப்ளை. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி எல்லாவற்றுக்கும் இதே சட்டம். வெளியே பளிச்சென்று துடைத்துவிடலாம். மோட்டாருக்குள் சேறு அப்படியே இருக்கும். ஸ்கூட்டர் மூழ்கியிருந்தால் ஸ்டார்ட் பட்டனில் விரலை வைக்காதே. சிலிண்டருக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். அந்தச் செலவை, நீயே ஸ்டார்ட் செய்து கெடுத்தது என்று இன்சூரன்ஸ்காரர்கள் தள்ளிவிடவும் வாய்ப்பு உண்டு. தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போ.

எதையும் நகர்த்துவதற்கு முன் போனை எடு. சுவரில் தண்ணீர் நின்ற கோடு, கவிழ்ந்து கிடக்கும் சாமான்கள், மெஷின்களின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர் எல்லாவற்றையும் படம் பிடி. கூட்டிப் பெருக்கிய பிறகு எடுத்த படத்தைக் காட்டி இன்சூரன்ஸில் நஷ்டத்தை நிரூபிப்பது கஷ்டம். வாடகைக்கு இருப்பவர்கள் சாமான்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் கிரக ரக்ஷா' பாலிசியை அப்படி எடுக்கலாம். வெள்ளச் சேதமும் அதில் சேரும்.

இப்போது காகிதம். ஈரக் காகிதத்தில் ஒன்றிரண்டு நாளில் பூஞ்சை ஏறிவிடும், அதற்குள் கை வைக்க வேண்டும். ஒட்டிக்கிடக்கும் கட்டைப் பிரிக்கத்தான் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். ஊறிய தாளை இழுத்தால் எழுத்தோடு கிழிந்து வரும். கட்டைச் சமதளத்தில் வைத்து, மேலும் கீழும் பழைய வெள்ளை வேட்டித் துணியைப் போட்டு, கையால் மெல்ல அழுத்தித் தண்ணீரை இறக்கு. கொஞ்சம் ஈரம் போனதும் தானாகப் பிரியும் இடத்தில் மட்டும் வெள்ளைத் தாளைச் செருகு, அது நனைந்ததும் மாற்று. செய்தித்தாள் கூடாது, அதன் மை ஏறிவிடும். வெயிலும் கூடாது, இஸ்திரிப் பெட்டியும் கூடாது. காற்றோட்டமான நிழல் போதும். கட்டு கட்டாக நனைந்து, உட்கார்ந்து பார்க்க நேரமில்லையா? பிளாஸ்டிக் கவரில் போட்டு, கரண்ட் இருக்கும் தோழி வீட்டு ஃபிரீசரில் வைத்துவிடு. உறைந்த காகிதத்தில் பூஞ்சை வளராது. ஒரு மாதம் கழித்துக்கூட எடுத்துக் காயவைக்கலாம். போட்டோக்கள் மட்டும் வேறு ஜாதி. ஒன்றோடொன்று ஒட்டியபடி காய்ந்தால் போச்சு. ஈரமாக இருக்கும்போதே நல்ல தண்ணீரில் மிதக்கவிட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்து, படம் மேலே தெரியும்படி துணியில் பரப்பு.

ஆதார், பான், மார்க் ஷீட் என்று நீ முதலில் பதறுவாய். நகல் கிடைக்கிற காகிதம் பிறகு. நகல் இல்லாதது முதலில். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, தொலைந்த சான்றிதழ்களுக்கு நகல் கொடுக்க அரசே சிறப்பு முகாம் போட்டது. டிஜிலாக்கரும் இருக்கிறது. பாட்டி உனக்கு எழுதிய கடிதங்களுக்கு எந்த அலுவலகத்திலும் நகல் தரமாட்டார்கள்.

அடுத்தது அம்மா கேட்கப்போகும் பட்டுப்புடவைகள். ஈரத்தோடு சுருட்டிப் பையில் திணித்தால் ஒன்றின் சாயம் இன்னொன்றில் இறங்கும். தனித்தனியாக வெறும் தண்ணீரில் அலசி நிழலில் போடு.

சேற்றை ஈரமாக இருக்கும்போதே வழித்துத் தள்ளிவிட வேண்டும். காய்ந்தால் சிமெண்ட் பூச்சு மாதிரி பிடித்துக்கொள்ளும். ஷூ இல்லாமல் இறங்காதே. கம்பு இல்லாமல் செருப்பு ஸ்டாண்டுக்கும் மெஷினுக்கும் பின்னால் கைவிடாதே, பாம்பும் மேடு தேடித்தான் வந்திருக்கும். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், வெள்ளத் தண்ணீரில் நடந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல். எலிக்காய்ச்சலா என்று பார்க்க அவருக்கு அது உதவும்.

தரைக்கு பிளீச்சிங் பவுடர் போடுவாய். அதே சூட்டோடு பாத்ரூம் ஆசிட்டையும் ஊற்றிவிடாதே. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சடைக்கும். இதை நம் வீடுகளில் சுத்தம் என்று நினைத்துச் செய்கிறார்கள்! சம்ப் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கும். முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவிட்டு, அதையும் இறைத்த பிறகு புதுத் தண்ணீர் விட ஹவுஸ் ஓனரிடம் சொல். தொட்டிக்குள் ஆளை இறக்குவதாக இருந்தால் மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றாடவிட்டு, மேலே ஒருவரை நிறுத்திக்கொண்டுதான். அதுவரை கேன் தண்ணீர். நனைந்த அரிசி, பருப்பு, இலவம்பஞ்சு மெத்தை எதற்கும் இரக்கம் பார்க்காதே. எவர்சில்வர் பாத்திரங்கள் தேய்த்துக் கொதிநீரில் போட்டால் தேறிவிடும்.

ஹவுஸ் ஓனர் பொங்கலுக்குள் பெயிண்ட் அடித்துவிடுகிறேன் என்பார். செங்கல் சுவர் குடித்த தண்ணீர் வெளியேற மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் அடித்த பெயிண்ட் கொப்பளித்துக்கொண்டு வரும். ஜன்னலைத் திறந்து வைத்து, கோடை வரை பொறுக்கச் சொல்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஒரு வேலை. மெயின் பக்கத்தில் 'டி' என்றோ 'டெஸ்ட்' என்றோ எழுதிய பொத்தானோடு, கரண்ட் கசிந்தால் தானே இறங்கிவிடும் பிரேக்கர் ஒன்று இருக்கிறதா பார். அழுத்தினால் டப்பென்று இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றாலும், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றாலும், எனக்குப் போன் பண்ணு. வரும்போது வாங்கி வந்து நானே மாட்டித் தருகிறேன். இன்வெர்ட்டரும் தரையில்தான் உட்கார்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதற்குச் சுவரில் ஸ்டாண்ட் அடிக்க ஓனர் சம்மதிப்பாரா என்று கேட்டு வை.

அன்புடன்,
சித்தப்பா