சொதி வைக்க விரும்பும் பேரனுக்கு

திருநெல்வேலி



உன் கடிதம் கிடைத்தது. உன் மாமனாரும் மாமியாரும் பெங்களூருக்கு வந்து ஒரு வாரம் தங்கப் போகிறார்கள் என்றும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் கையாலேயே சொதி வைத்து அவர்களுக்குப் பரிமாற ஆசைப்படுகிறாய் என்றும் படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. கலியாணத்திற்கு மறுநாள் பெண் வீட்டார் சம்பந்திகளுக்கு அளிக்கும் மறுவீட்டு விருந்தில் பிரதான ஸ்தானம் வகிப்பதால் நம் ஜில்லாவில் 'மாப்பிள்ளைச் சொதி' என்றே பெயர் பெற்றுவிட்ட பதார்த்தத்தை, மாப்பிள்ளையாகிய நீயே சமைத்து, உனக்குப் பெண் கொடுத்தவர்களை உட்கார வைத்துப் படைப்பது சம்பிரதாயத்திற்கு விரோதம் என்று யாராவது சொன்னால் அதைக் காதில் வாங்காதே. அன்று உனக்குக் கிடைத்த மரியாதையை இன்று நீ திருப்பிச் செலுத்துகிறாய், அவ்வளவுதான்.

ஆறு பேருக்கு முற்றிய பெரிய தேங்காய் இரண்டு வேண்டும். கையில் எடுத்தால் கனமும், ஆட்டினால் உள்ளே நீர் சலசலக்கும் ஓசையும் இருக்க வேண்டும். இளங்காயில் பால் சொற்பமாகவே இறங்கும், வற்றிக் கொப்பரையாகிவிட்ட காயிலோ எண்ணெய்ச் சிக்கு முன்னால் வந்து நிற்கும். துருவும்போது ஓட்டை ஒட்டிய கருந்தோல் விழாதபடி நிறுத்திக்கொள், ஏனெனில் சொதிக்கு மஞ்சள்தூளும் கிடையாது, மிளகாய்ப்பொடியும் கிடையாது, புளியும் கிடையாது. அதன் வெண்மை கெட்டால் அதை மறைக்க வேறு உபாயம் எதுவும் இல்லை. ஒரு டம்ளர் இளஞ்சூடான நீர் விட்டு அரைத்துப் பிழிந்து முதற்பாலைத் தனியே எடுத்து மூடிவை. அதே சக்கையில் மறுபடியும் நீர் விட்டு இரண்டாம் பாலையும், அதற்கப்புறம் மூன்றாம் பாலையும் எடுத்துக்கொள். டப்பாவில் விற்கும் தேங்காய்ப்பால் சுலபமாயிற்றே என்று கேட்டிருக்கிறாய். அதில் எல்லாம் ஒரே கெட்டியாக இருப்பதால், மெலிந்த பாலில் காய் வெந்து, கெட்டிப்பாலில் முடிவடைகிற கிரமமே இல்லாமல் போகிறது. அந்தக் கிரமம் இல்லையென்றால் அது வேறு ஏதோ ஒரு குழம்பு, சொதி ஆகாது.

பாசிப்பருப்பு 100 கிராம் எடுத்து, மசியும்படி தனியே வேகவைத்துக்கொள். காய்களில் உருளைக்கிழங்கு கால் கிலோ, காரட் 150 கிராம், பீன்ஸ் 100 கிராம், ஒரு கைப்பிடி பச்சைப் பட்டாணி, முருங்கைக்காய் இரண்டு. உருளைக்கிழங்கும் பச்சைமிளகாயும் கடல் கடந்து வந்தவை. காரட்டும் பீன்ஸும் நீலகிரி, கொடைக்கானல் மலைகளிலிருந்து இறங்கி நம் அடுக்களைக்கு வருகிறவை. ஆனாலும் முருங்கைக்காயோடும் தேங்காயோடும் சேர்ந்து அவை நம் ஊர்ப் பதார்த்தமாகவே ஆகிவிட்டன என்பதை நினைக்கும்போது, வந்தவர்களை நம்மவர்களாக்கிக்கொள்ளும் சுபாவம் நம் சமையலுக்கு எவ்வளவு இயல்பாக இருக்கிறது என்று தோன்றுகிறது. வெண்டைக்காயின் கொழகொழப்பும் பீட்ரூட்டின் சாயமும் இதற்கு ஒவ்வா. கையில் இருக்கிறதே என்று அவற்றைப் போட்டுவிடாதே.

அடி கனமான பாத்திரத்தில் தேங்காயெண்ணெய் காய்ந்ததும், உரித்த சின்ன வெங்காயம் இருபதையும் பூண்டுப்பல் பத்துப் பன்னிரண்டையும் முழுசாகவே போட்டு, நிறம் மாறாமல் வதக்கு. எட்டுப் பச்சைமிளகாயையும் ஒரு விரல் நீள இஞ்சியையும் அரைத்து அதில் சேர். குழந்தைகள் சாப்பிடுவதால் மிளகாயில் இரண்டைக் குறைத்துக்கொள்ளலாம். பிறகு காய்களைப் போட்டு, மூன்றாம் பாலை விட்டு வேகவிட்டு, முக்கால் பதம் வெந்ததும் உப்பும் இரண்டாம் பாலும் மசித்த பருப்பும் சேர்க்க வேண்டும். குக்கரில் வைத்தால் சீக்கிரம் ஆகுமே என்ற எண்ணம் வரும். அங்கே முருங்கைக்காய் பிளந்து நாராகும், உருளைக்கிழங்கு கரைந்து கூழாகும், எந்தக் காய் எப்போது வெந்தது என்று பார்க்கவும் முடியாது.

இனி, என் கடிதத்தில் எதை மறந்தாலும் இதை மட்டும் மறவாதே. தேங்காய்ப்பால் என்பது எண்ணெயின் நுண்ணிய துளிகள் நீரில் மிதந்து நிற்கும் ஒரு கலவை. அந்தத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பிரிந்துவிடாமல் தாங்கி நிற்பது பாலிலுள்ள புரதம். தீ மிகுந்து கொதி ஏறினால் அந்தப் புரதம் திரிந்து, எண்ணெய் மேலே மிதந்து, நீர் அடியில் தங்கி, நீ பட்ட பிரயாசை முழுவதும் வீணாகும். ஆகையால் முதற்பாலை விடும்போது அடுப்பை நன்றாகத் தணித்து, பக்கத்திலேயே நின்று மெதுவாகக் கிளறிக்கொண்டிரு; ஓரத்தில் நுரை கூடி வந்தவுடன், கொதிக்கவிடாமல் இறக்கிவிடு. எலுமிச்சைச் சாற்றையும் அடுப்பில் இருக்கும்போது பிழியக் கூடாது. புளிப்பும் சூடும் சேர்ந்தால் பால் திரிந்துவிடும். இறக்கிச் சற்றே ஆறிய பிறகு ஒரு பழத்தைப் பிழிந்து, நெய்யில் கடுகு, சீரகம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி மூடு.

கூட இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்குக் காரக்கறியும் அப்பளமும் இருந்தால் போதும், வேறு குழம்பு வேண்டியதில்லை. தேங்காய்ப்பால் வயிற்றுக்குக் கனமானது. அதை ஜீரணிக்க இஞ்சி துணை நிற்கும் என்றே பெரியவர்கள் துவையலை அருகில் வைத்தார்கள். சொதி வைக்கிற வீட்டில் இஞ்சித் துவையல் இல்லையென்றால் அதை நான் விருந்தாகவே ஒப்புக்கொள்வதில்லை. யாழ்ப்பாணத்தாரும் சொதி என்று ஒன்று வைப்பார்கள். அது மஞ்சள் சேர்த்து நீர்க்க வைத்து, இடியப்பத்திற்கு விட்டுக்கொள்வது. அதுவும் ருசியானதே, ஆயினும் சோற்றில் பிசைந்து வயிறார உண்பதற்கு நம் ஊர்ச் சொதிதான் தகுந்தது.

காலையில் சீக்கிரம் வைத்துவிட்டு, உண்ணும் வேளையில் மறுபடி கொதிக்க வைக்கலாம் என்று எண்ணாதே. உண்பதற்கு அரைமணி முன்னதாக மட்டுமே முதற்பாலைச் சேர். வெயில் நாளில் சொதி இராத்திரிவரை தாங்காது.

இன்னும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நம் வீடுகளில் இவ்வளவு சிரத்தையோடு செய்த பதார்த்தமெல்லாம் விருந்தாளிக்கும் மாப்பிள்ளைக்கும் என்றே ஆகி, தினந்தோறும் அடுப்படியில் நின்ற பெண்கள் கடைசிப் பந்தியில் பாத்திரத்தின் அடியில் மிஞ்சியதைத்தான் உண்டார்கள். அந்த வழக்கத்தை உன் வீட்டில் தொடர விடாதே. உன் மாமியாரையும் மனைவியையும் அன்று அடுக்களைப் பக்கம் வரவிடாமல், குழந்தைகளோடும் மாமனாரோடும் முதல் பந்தியிலேயே உட்கார வை. பரிமாறி முடித்ததும் நீயும் அவர்களோடு உட்கார். விருந்தாளிகள் ஊருக்குப் போன பிறகும், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது உன் வீட்டாருக்காக மட்டும் சொதி வைத்துக் கொடு.

இப்படிக்கு,
உன் ஆச்சி