பட்டமும் பிழைப்பும்

இல்மைத் தேடுவது நம்மீது கடமை, அதில் பேச்சில்லை. பட்டம் பெற்றால் பிழைப்பு தானே வருமா என்பது வேறு கேள்வி.

மலேசியாவில் 1997-இல் ஏற்பட்ட பி.டி.பி.டி.என். நிதி மாணவர்க்குத் தருவது கடன், தானமன்று. முதல் வகுப்பில் தேறினோர் விலக்குக் கோரலாம். மற்றவர் கட்டியே தீரவேண்டும். கையெழுத்திடுபவனோ பதினெட்டு வயதுப் பிள்ளை! என் கடையில் கணக்கெழுதும் பட்டதாரித் தம்பி மாதந்தோறும் அக்கடனைக் கட்டுகிறார். அவர் படித்ததற்கும் என் கல்லாவுக்கும் சம்பந்தமில்லை.

வயர்மேன் வேலைக்குக் கேட்பது பட்டமன்று, எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ். ஆகவே வாப்பாமார்களே, படிவம் நிரப்புமுன் அத்தொழிலில் இருப்போர் இருவரிடமாவது விசாரியுங்கள்.

என் மகள் மருந்தாளராக விரும்புகிறாள். விசாரித்தேன், பட்டமின்றி அது ஆகாதாம். கடன் வாங்கத்தான் போகிறோம்.